வெளி ஹார்ட் டிஸ்க்க கழட்டுனா ரெண்டு நிமிஷம் முழிக்கிற லினக்ஸ்: சித்தப்பா கடை கம்ப்யூட்டர சரி பண்ண கதை

கோவில்பட்டி பக்கம் எங்க சித்தப்பா டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். அங்க இருந்த பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு போயிருச்சுன்னு ஒரு செகண்ட் ஹேண்ட் ஐ3 மெஷின் வாங்கி, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு டெபியன் 12ங்கற லினக்ஸ ஏத்திக் குடுத்தேன். பழைய மெஷின்ல இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்க தூக்கிப் போட மனசு வரல, அதுல பத்து வருஷத்து கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பத்திரிகை, போஸ்டர் டிசைன்லாம் இருக்கு, அதனால ஒரு யூஎஸ்பி கேசிங் வாங்கி அதுக்குள்ள போட்டு பேக்கப் டிஸ்க்கா மாத்திட்டேன். தினமும் மத்தியானம் 1 மணிக்கு க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட வைக்கிற வசதி) ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) ஓடி வேலை ஃபோல்டர அந்த டிஸ்க்குக்கு காப்பி பண்ணும். ஒரு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல.

அப்பறம் ஒரு திங்கக்கிழமை காலைல ஒன்பதே காலுக்கு சித்தப்பா போன். "எப்பா, கம்ப்யூட்டர் எந்திரிக்கவே மாட்டேங்கு. கருப்புத் திரையில இங்கிலீஷ்ல என்னமோ எழுதி பாஸ்வேர்டு கேக்கு. இங்க ஒருத்தர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்து நிக்காரு, பதினோரு மணிக்குள்ள வேணுமாம்." போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன், பாத்தா எமர்ஜென்சி மோட், பூட் நடுவுல தடைபட்டா வர்ற ரிப்பேர் திரை. நேத்து ஏதாவது மாத்துனீங்களா சித்தப்பான்னு கேட்டா ஒன்னுமே மாத்தலன்னு சொல்றார். அவர் சொன்னது பொய் இல்ல, கம்ப்யூட்டர்ல ஒன்னுமே மாத்தல. ஆனா சனிக்கிழமை ராத்திரி கடைக்குள்ள கூரை ஒழுகி தண்ணி வந்ததால, பேக்கப் டிஸ்க் பத்திரமா இருக்கட்டும்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். இதை நான் துருவித் துருவி கேட்டப்பறம்தான் சொன்னார், அவருக்கு அது ஒரு மாத்தமாவே தெரியல. பாவம், வீட்டுக்கு சைக்கிள்ல போய் டிஸ்க்க எடுத்துட்டு வந்து மாட்டி ஆன் பண்ணதும் மெஷின் நல்லா வந்துருச்சு. போஸ்டரும் நேரத்துக்கு குடுத்துட்டார்.

எமர்ஜென்சி மோடுக்கு காரணம் எனக்கு உடனே புரிஞ்சுது, ஏன்னா தப்பு நான் பண்ணது. டிஸ்க் எப்பவும் ஒரே பாதைல மவுண்ட் ஆகணும்னு (அதாவது ஒரு ஃபோல்டரா இணையணும்னு) இடிசிக்குள்ள இருக்கற எஃப்எஸ்டேப் ஃபைல்ல (எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும்ங்கற லிஸ்ட்) ஒரு வரி கையால எழுதியிருந்தேன், ஆப்ஷன் இடத்துல வெறும் டீஃபால்ட்ஸ்னு மட்டும் போட்டு. எஃப்எஸ்டேப்ல ஒரு வரி இருந்தா சிஸ்டம்டி (பூட் ஆகும்போது எல்லாத்தையும் ஆரம்பிச்சு வைக்கிற ப்ரோக்ராம்) அத ஒரு கட்டளையா எடுத்துக்கும், இந்த டிஸ்க் கட்டாயம் வேணும், இது இல்லாம லோக்கல் ஃபைல்சிஸ்டம்லாம் தயார்னு சொல்லக்கூடாதுன்னு. டிஸ்க் வரும் வரும்னு 90 நொடி காத்திருக்கும், வரலைன்னா லோக்கல்-எஃப்எஸ் டார்கெட் (டிஸ்க்லாம் தயார்ங்கற கட்டம்) ஃபெயில், அது ஃபெயில் ஆனா நேரா எமர்ஜென்சி மோட். பழைய காலத்துல இப்படி இல்ல, சிஸ்டம்டிக்கு முன்னாடி அந்த வேலைய பாத்த சிஸ்வி இனிட் இருந்தப்ப இல்லாத டிஸ்க்குக்கு ஒரு எரர் காட்டிட்டு பெரும்பாலும் மேல போயிரும், 2015ல டெபியன் 8 வந்து சிஸ்டம்டி டீஃபால்ட் ஆனதுல இருந்துதான் இந்தக் கண்டிப்பு. நான் எஃப்எஸ்டேப் எழுதக் கத்துக்கிட்டது அதுக்கு முன்னாடி, கை பழக்கம் அப்படியே இருந்துருச்சு.

அன்னிக்கே டிஸ்க் மாட்டியிருக்கும்போது ரிமோட்ல போய் அந்த வரில நோஃபெயில்னு ஒரு ஆப்ஷன் சேத்துட்டேன். நோஃபெயில் போட்டா டிஸ்க் இருந்தா நல்லது, இல்லைன்னாலும் பரவால்லன்னு அர்த்தம், பூட் அதுக்காக நிக்காது. இனிமே டிஸ்க் வீட்லயே இருக்கட்டும், சனிக்கிழமை மட்டும் கொண்டு வந்து மாட்டுங்கன்னு சொல்லிட்டு நான் என் வேலைய பாக்கப் போயிட்டேன். அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்ப காலைல கடைக்குப் போனேன். சித்தப்பா பவர் பட்டன அமுக்கிட்டு, கடை வாசல்ல தண்ணி தெளிச்சு, ஊதுபத்தி கொளுத்தி சாமி கும்பிட்டு, ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் அடுக்கி முடிச்சார், திரை அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கு. ஏன் சித்தப்பா இப்படின்னு கேட்டா, "நீ சரி பண்ணதுல இருந்து இப்படித்தான், வந்துரும்பா, கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்"ங்கறார். ரெண்டு வாரமா தினமும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல காத்துக்கிட்டு உக்காந்திருக்கார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு தொந்தரவு குடுக்க வேணாம்னு. அத கேட்டதும் மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, இன்னிக்கு இத முழுசா முடிக்காம எந்திரிக்கிறதில்லன்னு உக்காந்தேன்.

முதல்ல பூட்டுக்கு ஆன நேரத்த காட்டற சிஸ்டம்டி-அனலைஸ்னு வெறும் கமாண்ட அடிச்சேன். கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) 34.6 நொடி, யூசர்ஸ்பேஸ் (அதுக்கப்பறம் சிஸ்டம்டி ஆரம்பிச்சு வைக்கிறதெல்லாம்) 1 நிமிஷம் 37 நொடின்னு வந்துச்சு. இந்த ஒரு வரிய நல்லா பாக்கணும், நான் அப்ப பாக்கல. யூசர்ஸ்பேஸ் ஒன்றரை நிமிஷம்ங்கறது கண்ண பறிச்சதால கெர்னல் 34 நொடிங்கறத கவனிக்காம விட்டுட்டேன். எஸ்எஸ்டில கெர்னலுக்கு நாலஞ்சு நொடிக்கு மேல ஆகவே கூடாது. அந்த கதை பின்னாடி வருது.

அடுத்து எல்லாரும் செய்யற மாதிரி சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம் ஓட்டுனேன். மேல நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் (நெட் வர்ற வரைக்கும் காத்திருக்கற சர்வீஸ்) 6 நொடின்னு இருந்துச்சு, அதுக்குக் கீழ எல்லாமே ஒரு நொடி, அர நொடி. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தாலும் ஒன்றரை நிமிஷம் வரல. சரின்னு அந்த வெயிட்-ஆன்லைன டிசேபிள் பண்ணி ரீபூட் பண்ணேன், ஒன்றரை நிமிஷம் அப்படியேதான் இருந்துச்சு. ப்ளேம் லிஸ்ட்ட நம்பி நேரத்த வீணாக்குன இடம் இதுதான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ப்ளேம் காட்டறது ஒரு சர்வீஸ் தன்னோட வேலைய ஆரம்பிச்சு முடிக்க எடுத்துக்கிட்ட நேரம் மட்டும்தான். ஒரு டிவைஸுக்காக காத்திருந்த நேரம் அதுல வரவே வராது, ஏன்னா டிவைஸ்ங்கறது ஒன்னு இருக்கும் இல்ல இருக்காது, நடுவுல "ஆரம்பிச்சிட்டு இருக்கேன்"னு ஒரு நெல அதுக்கு கெடையாது. காத்திருப்புதான் உங்க பிரச்சனைன்னா ப்ளேம்ல அது தெரியாது.

எது எதுக்கு அப்பறம் ஆரம்பிச்சுதுன்னு சங்கிலியா காட்டற சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் கொஞ்சம் உதவுச்சு. மேல இருந்து கீழ படிச்சுக்கிட்டே வந்தா சிஸ்இனிட் டார்கெட் (பூட்டோட ஆரம்பக் கட்டம்) 1 நிமிஷம் 30 நொடில வந்ததா காட்டுது, அதுக்கு அடுத்து கீழ இருக்கற யூனிட் 3 நொடிலயே முடிஞ்சிருக்கு. நடுவுல ஒன்றரை நிமிஷத்துக்கு கணக்கே இல்ல. இந்த மாதிரி ஒரு ஓட்டை சரியா 90 நொடில தெரிஞ்சா எங்கயோ ஒரு டைம்அவுட் முழுசா ஓடி முடிஞ்சிருக்குன்னு அர்த்தம், சிஸ்டம்டியோட டீஃபால்ட் காத்திருப்பு அதுதான்.

அப்பறம் ஜர்னல்சிடிஎல் -பி போட்டு இந்த பூட்டோட லாக்ல "டைம்ட் அவுட்"னு கிரெப் பண்ணி தேடுனேன். முதல் வரில ஒரு டிவைஸுக்காக காத்திருந்து டைம்அவுட் ஆச்சுன்னு வந்துச்சு, யூயூஐடி (ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர்) 7419னு முடியுது. எஃப்எஸ்டேப்ப தொறந்து பாத்தா அது நான் நோஃபெயில் போட்ட அதே வரி! அப்ப நோஃபெயில் வேலை செய்யலையான்னு குழம்பி, ஸ்பெல்லிங் பாத்து, கமா பாத்து, கமாவுக்குப் பக்கத்துல ஸ்பேஸ் இருக்கான்னு பாத்து (ஸ்பேஸ் இருந்தா அந்த வரியே கெட்டுரும்), டீமன்-ரீலோட் பண்ணி, திரும்ப ரீபூட் பண்ணி, அதே 90 நொடி. அரை மணி நேரம் இதுல போச்சு. நோஃபெயில் ஒழுங்காதான் வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நோஃபெயில் போட்டாலும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக பின்னணில காத்துக்கிட்டுதான் இருக்கும், 90 நொடில அது டைம்அவுட்னு லாக்ல எழுதவும் செய்யும், ஆனா பூட்ட பிடிச்சு நிறுத்தாது. பூட்ட நிறுத்துனது வேற ஒன்னு.

அத கண்ணால பாக்கறதுக்கு வழி, பூட் ஆகும்போது லோகோ திரை வந்ததும் எஸ்கேப் கீய தட்டறது. தட்டுனதும் ஸ்டார்ட் ஜாப் ஓடிக்கிட்டு இருக்குன்னு ஒரு வரி, முன்னாடி பிராக்கெட்ல ரெண்டுல ஒன்னு, ரெண்டுல ரெண்டுன்னு மாறி மாறி வருது. அதாவது ரெண்டு டிவைஸுக்காக ஒரே நேரத்துல காத்திருக்கு, ரெண்டும் சேர்ந்தே 90 நொடி எண்ணுது, அதனாலதான் மொத்தம் மூணு நிமிஷம் ஆகாம ஒன்றரைலயே நிக்குது. ஒன்னு 7419. இன்னொன்னோட யூயூஐடி வேற. திரும்ப லாக்குக்குப் போய் கிரெப் இல்லாம அந்த நேரத்துல இருந்த வரிகள முழுசா படிச்சேன், ரெண்டாவது டைம்அவுட்டுக்கு ஒட்டி கீழயே "ஸ்வாப்ஸ்"க்கான டிபெண்டன்சி ஃபெயில்னு ஒரு வரி.

ஸ்வாப்பா? ஸ்வாப் (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல எடுத்துக்கற இடம்) எஸ்எஸ்டிலதானே இருக்குன்னு பார்ட்டிஷன் லிஸ்ட் காட்டற எல்எஸ்பிஎல்கே -எஃப் அடிச்சேன், எஸ்எஸ்டில 1 ஜிபி ஸ்வாப் இருக்கு, ஆனா அதோட யூயூஐடி இது இல்ல. சித்தி வீட்ல இருந்து டிஸ்க்க எடுத்துட்டு வந்து குடுத்தாங்க, மாட்டி திரும்ப அதே கமாண்ட அடிச்சதும் எல்லாம் வெளிச்சமாச்சு. அந்தப் பழைய டிஸ்க்ல ரெண்டு பார்ட்டிஷன், ஒன்னு டேட்டா, இன்னொன்னு 4 ஜிபி ஸ்வாப். பழைய கம்ப்யூட்டர்ல அது உள் டிஸ்க்கா இருந்த காலத்து ஸ்வாப், கேசிங்குக்குள்ள போட்டப்ப அத அழிக்கணும்னு எனக்கு தோணல. புது மெஷின்ல இன்ஸ்டால் பண்ணப்ப பழைய ஃபைல்லாம் காப்பி பண்றதுக்காக அந்த டிஸ்க்கும் மாட்டியேதான் இருந்துச்சு. இன்ஸ்டாலர் கண்ணுல படற ஸ்வாப் பார்ட்டிஷன் எல்லாத்தையும் பயன்படுத்தறதா எடுத்துக்கும், கடைசில எழுதறதுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட் காட்டி கேக்கும், அந்த லிஸ்ட்ட நான் படிக்காம ஓகே குடுத்திருக்கேன். எஃப்எஸ்டேப்ல அதுக்கும் ஒரு வரி விழுந்திருக்கு.

ஏன் இது எமர்ஜென்சி மோடுக்கு போகாம வெறும் தாமதத்தோட நின்னுச்சுங்கறதும் இப்ப புரிஞ்சுது. மவுண்ட் வரி ஃபெயில் ஆனாதான் எமர்ஜென்சி. ஸ்வாப் கெடைக்கலைன்னா, சிஸ்டம்டி முழு 90 நொடியும் காத்திருந்து பாத்துட்டு, ஸ்வாப் இல்லாமலே பூட்ட மேல கொண்டு போயிரும். அதனால நான் நோஃபெயில் போட்டது முதல் நோய குணமாக்கி ரெண்டாவது நோய வெளிய காட்டியிருக்கு, ரெண்டுமே முதல் நாள்ல இருந்தே இருந்தது.

எஃப்எஸ்டேப்ப ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு அந்த வெளி ஸ்வாப் வரிய எடுத்தேன். ஃபைண்ட்மவுண்ட் கமாண்டுக்கு வெரிஃபைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது எஃப்எஸ்டேப்ப படிச்சு தப்பு இருந்தா சொல்லிரும், எஃப்எஸ்டேப்ல கை வச்சா ரீபூட்டுக்கு முன்னாடி இத ஓட்டிருங்க, ரொம்ப உபயோகம். அப்பறம் டிஸ்க்க கழட்டிட்டு ரீபூட். யூசர்ஸ்பேஸ்ல லாகின் திரை வர ஆகற நேரம் 1 நிமிஷம் 37ல இருந்து 7 நொடிக்கு வந்துச்சு. சித்தப்பா டீ வாங்கிட்டு வந்தார்.

ஆனா ஆன் பண்ணதுல இருந்து எண்ணிப் பாத்தா இன்னும் முக்கா நிமிஷம் கிட்ட ஆகுது. இப்பதான் அந்த கெர்னல் 34 நொடி ஞாபகம் வந்துச்சு. டெபியன்ல கெர்னல் கணக்குக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சேர்ந்துதான் வரும். எஃப்எஸ்டேப்ப படிக்கறதுக்கு முன்னாடியே ஓடற சின்ன சிஸ்டம் அது, ரூட் பார்ட்டிஷன (சிஸ்டம் இருக்கற பார்ட்டிஷன) தேடி மவுண்ட் பண்றது அதோட வேலை. ஸ்ப்ளாஷ (லோகோ திரைய) எடுத்துட்டு பாத்தா ஒரு நொடி மின்னி மறையுது, சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸுக்காக காத்திருந்து கைவிட்டுட்டேன்னு ஒரு வரி. ஹைபர்னேட் (வேலைய அப்படியே சேமிச்சுட்டு ஆஃப் பண்றது) பண்ணியிருந்தா மெமரிய ஸ்வாப்லதான் எழுதியிருக்கும், அதனால பூட் ஆகும்போது முதல்ல அந்த ஸ்வாப்ப தேடும், 30 நொடி தேடும். எந்த ஸ்வாப்ப? இடிசி இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டர், அதுக்குள்ள கான்ஃப்.டி, அதுக்குள்ள ரெஸ்யூம்னு ஒரு ஃபைல், அதுல எழுதியிருக்கற யூயூஐடிய. தொறந்து பாத்தா அதே வெளி டிஸ்க் ஸ்வாப். இருக்கறதுலயே பெரிய ஸ்வாப்ப இன்ஸ்டாலர் இதுக்கு தேர்ந்தெடுக்கும், 1 ஜிபியா 4 ஜிபியான்னா 4 ஜிபிதான்.

அந்த கடைல யாரும் ஹைபர்னேட் பண்றதில்ல, அதனால யூயூஐடிய எடுத்துட்டு "none" (எதுவும் இல்ல)னு போட்டேன். வேணும்ங்கறவங்க எஸ்எஸ்டி ஸ்வாப்போட யூயூஐடிய போடலாம், ஆனா 8 ஜிபி ராமுக்கு 1 ஜிபி ஸ்வாப் ஹைபர்னேட்டுக்கு பத்தாது. ஃபைல மாத்துனா மட்டும் போதாது, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டணும், ஏன்னா பூட் ஆகும்போது படிக்கறது டிஸ்க்ல இருக்கற ஃபைல இல்ல, இனிட்ராம்எஃப்எஸ்குள்ள பொதிஞ்சு வச்சிருக்கற பழைய காப்பிய. ஓட்டிட்டு ரீபூட். கெர்னல் 4.2 நொடி.

இந்த இடத்துல ஒன்னு சொல்லியே ஆகணும். பூட் மெதுவா இருக்குன்னு கேட்டா, சிஸ்டம்டி கான்ஃபிக்ல டீஃபால்ட் டைம்அவுட்ட 90ல இருந்து 5 நொடியா குறைச்சிரு, சரியாயிரும்னு நிறைய பேர் சொல்லிக் குடுக்கறாங்க. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. அந்த டைம்அவுட் தனியா நேரம் குறிக்காத எல்லா சர்வீஸுக்கும் பொதுவானது, நிஜமாவே பத்து நொடி எடுத்து நல்லபடியா ஆரம்பிக்கிற ஒரு சர்வீஸயும் அது அஞ்சாவது நொடில கொன்னுரும். எந்த டிஸ்க்குக்காக காத்திருக்கோ அந்த வரில மட்டும் மாத்தறதுதான் மொறை. அதுவும் இந்த கேஸ்ல ரெஸ்யூம் தேடல் சிஸ்டம்டிக்கு முன்னாடியே நடக்கறதால, அந்த மாத்தம் 30 நொடிய தொடவே தொடாது.

வேகம் சரியாச்சு, ஆனா எனக்கு இன்னொன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சனிக்கிழமை தவிர டிஸ்க் ரெண்டு வாரமா வீட்ல இருக்கு, ஆனா மத்தியானம் 1 மணிக்கு ஆர்சிங்க் ஓடிக்கிட்டுதானே இருக்கு, அது எங்க காப்பி பண்ணுச்சு? எவ்வளவு எடம் நெறஞ்சிருக்குன்னு காட்டற டிஎஃப் அடிச்சா எஸ்எஸ்டில நான் எதிர்பாத்தத விட 60 ஜிபி கூட நெறஞ்சிருக்கு. டிஸ்க் மவுண்ட் ஆகலைன்னா அந்த மவுண்ட் பாயிண்ட் வெறும் காலி ஃபோல்டர், எஸ்எஸ்டிலயே இருக்கற ஃபோல்டர். ஆர்சிங்க் அதுக்குள்ள நல்ல பிள்ளையா எல்லாத்தையும் காப்பி பண்ணி, எரர் இல்லாம முடிச்சிருக்கு. எஸ்எஸ்டில இருக்கறதுக்கு எஸ்எஸ்டிலயே பேக்கப். அந்த ரெண்டு வாரத்துல, மத்த நாள்ல செஞ்ச வேலைக்கு அடுத்த சனிக்கிழமை வரைக்கும் வேற எங்கயும் காப்பி இல்ல, எஸ்எஸ்டி போயிருந்தா முகூர்த்த சீசன்ல அந்த வாரத்து பத்திரிகை அத்தனையும் போயிருக்கும். மெதுவா பூட் ஆனது இத விட ரொம்ப சின்ன விஷயம். நோஃபெயில் போடறவங்க இத கட்டாயம் யோசிக்கணும், டிஸ்க் இல்லைன்னாலும் பரவால்லன்னு பூட்டுக்கு சொல்றோம், ஆனா பேக்கப்புக்கு பரவால்லன்னு ஆகாது.

அதனால மூணு வேலை பண்ணேன். டிஸ்க் இல்லாத நேரத்துல அந்த காலி ஃபோல்டர சுத்தம் பண்ணிட்டு, சாட்டர் +ஐ போட்டு பூட்டிட்டேன், அந்தப் பூட்ட எடுக்காத வரைக்கும் ரூட்டால (அட்மின் யூசரால) கூட அதுக்குள்ள எழுத முடியாது, டிஸ்க் மேல மவுண்ட் ஆகறதுக்கு இது தடையில்ல. ரெண்டாவது, பேக்கப் ஸ்க்ரிப்ட்டோட ஆரம்பத்துலயே நிஜமாவே அங்க டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கான்னு பாத்து, இல்லைன்னா அங்கயே நிக்க வச்சேன். க்ரான எடுத்துட்டு டெஸ்க்டாப்ல ஒரு ஐகான் வச்சிட்டேன், சித்தப்பா டிஸ்க்க மாட்டி அத க்ளிக் பண்ணா பேக்கப் ஓடும், மாட்டாம க்ளிக் பண்ணா "டிஸ்க் மாட்டலை"ன்னு தமிழ்ல பெட்டி வரும். சனிக்கிழமை மட்டும்ங்கறத புதனும் சனியும்னு மாத்திக்கிட்டோம்.

மூணாவது எஃப்எஸ்டேப் வரி. நோஃபெயில் அப்படியே இருக்கு, கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட், எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் 5 நொடி, கடைசி நம்பர் 0. ஆட்டோமவுண்ட் போட்டா பூட்ல மவுண்ட் பண்ணாது, யாராவது அந்த ஃபோல்டர தொறக்கும்போதுதான் டிஸ்க்க தேடி மவுண்ட் பண்ணும். கம்ப்யூட்டர் ஆன் ஆனப்பறம் டிஸ்க்க மாட்டுனாலும் வேலை செய்யும், சித்தப்பாவுக்கு இதுதான் வசதி. டிஸ்க் இல்லாம தொறந்தா அஞ்சு நொடில எரர் வந்துரும். கடைசி நம்பர 2ல இருந்து 0 ஆக்குனா அந்த டிஸ்க்க தானா செக் பண்றது நின்னுரும், அதனால அப்பப்ப நானே கையால எஃப்எஸ்சிகே (டிஸ்க்ல தப்பு இருக்கான்னு பாக்கற கமாண்ட்) ஓட்டணும்னு மொபைல்ல குறிச்சு வச்சிருக்கேன்.

டிஸ்க் மாட்டி பூட் பண்ணா பயாஸ்லயே பத்து நொடி கிட்ட நிக்கறதும் தெரிஞ்சுது, பூட் ஆர்டர்ல யூஎஸ்பி முதல்ல இருந்துச்சு, எஸ்எஸ்டிய மேல ஏத்துனதும் அதுவும் போச்சு.

அப்பறம் டிஸ்க் இல்லாம ஆன் பண்றது, மாட்டி ஆன் பண்றது, ஆன் ஆனப்பறம் மாட்டறது, பேக்கப் முடிஞ்சு எஜெக்ட் பண்ணி கழட்டிட்டு ரீபூட் பண்றதுன்னு நாலு விதமாவும் சித்தப்பாவ விட்டே செஞ்சு பாத்தேன். டிஸ்க் இல்லாம கெர்னலும் யூசர்ஸ்பேஸும் சேர்ந்து 11.4 நொடி, மாட்டியிருந்தாலும் அதே அளவுதான். எஃப்எஸ்டேப்ல அந்த வரிக்கு மேல, "இது வெளி டிஸ்க், சித்தப்பா வீட்ல இருக்கும், நோஃபெயில எடுக்காதே"ன்னு தமிழ்லயே கமெண்ட் எழுதி தேதி போட்டுட்டேன். பழைய டிஸ்க்ல இருக்கற அந்த 4 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன இன்னும் அழிக்கல, பத்து வருஷத்து ஃபைல் இருக்கற டிஸ்க்ல பார்ட்டிஷன் டேபிள தொடறதுக்கு முன்னாடி இன்னொரு டிஸ்க் வாங்கி முழுசா ஒரு காப்பி எடுக்கணும், அடுத்த மாசம் ஊருக்கு வரும்போது வாங்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்.